காயத்துக்கு எந்த ஜெல்? டியூப்பைத் திறப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் மருந்துக் கடைகளுக்குக் குறைவில்லை. எந்தக் கடையின் அலமாரியைப் பார்த்தாலும் விரல் நீளத்தில் டியூப்புகள் வரிசையாக நிற்கும். ஒன்று மூட்டு வலிக்கு, ஒன்று முகப்பருவுக்கு, ஒன்று படைக்கு, ஒன்று காயத்துக்கு. நான்கின் மீதும் 'ஜெல்' என்றே எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் நான்கும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கும். கால் இடறி இரத்தம் வந்தால், கைக்கு முதலில் அகப்படும் டியூப்தான் மருந்து.

தோட்டங்களில் ஒரு காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. பால் வெட்டும் கத்தி கையைக் கிழித்தாலும், காலில் கட்டை குத்தினாலும் தோட்டத்து டிரெஸ்ஸரிடம் போவார்கள். அவர் காயத்தைக் கழுவுவார், பார்ப்பார், பிறகுதான் மருந்து போட்டுக் கட்டுவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்த பிறகு, மருந்து எளிதாகக் கிடைக்கிறது. காயத்தைப் பார்க்கும் ஆள்தான் இல்லை. அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்ய, எந்த மருந்து எதற்கு என்ற அடிப்படை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜெல் என்பது மருந்தின் பெயரல்ல

முதலில் தெளிவாக வேண்டியது இதுதான். ஜெல், கிரீம், ஆயின்மென்ட் ஆகிய மூன்றும் மருந்தின் வடிவங்கள். உள்ளே இருக்கும் மருந்து வேறு, அதைச் சுமந்து வரும் பொருள் வேறு.

ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர். சில ஜெல்களில் ஆல்கஹாலும் சேர்ந்திருக்கும். மிகச் சிறிய அளவு பாலிமர் அந்தத் தண்ணீரைப் பிடித்துக் கூழ்போல ஆக்குகிறது. பூசியதும் குளிர்ச்சியாக இருக்கும், சீக்கிரம் உலரும், பிசுபிசுக்காது. அதனால் முகம், தலை, முடி அடர்ந்த இடம் ஆகியவற்றுக்கு ஏற்றது. ஆல்கஹால் கலந்த ஜெல்லைப் புண்ணில் வைத்தால் எரிச்சல் தாங்க முடியாது.

கிரீமில் எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கும். ஈரக் கசிவுள்ள தோலுக்கும் பெரும்பாலான இடங்களுக்கும் இது பொருந்தும். ஆயின்மென்ட்டில் பாரஃபின் போன்ற பிசுக்குப் பொருளே மிகுதி. அது தோலின் ஈரத்தை வெளியே விடாமல் மூடி வைக்கும். வறண்டு வெடித்த தோலுக்கு அது நல்லது. வியர்வை மிகுந்த தொடை இடுக்குக்கு அது ஏற்றதல்ல.

ஆகவே 'ஜெல் போட்டேன்' என்று ஒருவர் சொன்னால், 'எந்த மருந்து உள்ள ஜெல்?' என்பதே அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். வலி ஜெல்லில் இருப்பது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது கீட்டோபுரோஃபென். இவை வீக்கத்தையும் வலியையும் குறைப்பவை. முழுத் தோலின் மீது மட்டுமே பூச வேண்டும். வெட்டுக் காயத்திலோ சிராய்ப்பிலோ போடக் கூடாது. கீட்டோபுரோஃபென் பூசிய இடத்தில் வெயில் பட்டால் கடுமையான தடிப்பு வரலாம். வெயிலில் வேலை செய்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

காயம் காய வேண்டுமா, ஆற வேண்டுமா?

'காத்து படட்டும், காயம் சீக்கிரம் காய்ஞ்சிடும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பேச்சில் காயம் காய்கிறது என்கிறோம். ஆனால் தமிழில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: புண் ஆறுகிறது. மருத்துவ அறிவு இன்று சொல்வது இந்த இரண்டாவது சொல்லோடுதான் ஒத்துப் போகிறது.

1962ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் உலர விட்டார், சிலவற்றை மெல்லிய பாலித்தீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் புதுத் தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் எளிது. காயம் உலர்ந்தால் கெட்டியான பொருக்கு உண்டாகும். புதுத் தோலின் அணுக்கள் ஈரமான பரப்பில்தான் நகர முடியும். பொருக்கு தடையாக நின்றால் அவை அதற்கு அடியில் வழி தேட வேண்டியிருக்கிறது.

இன்றைய புண் பராமரிப்பின் பெரும்பகுதி இந்த ஒரு கண்டுபிடிப்பின் மீது நிற்கிறது. ஈரம் வேண்டும் என்பதற்காகக் காயம் ஊறிப்போகவும் கூடாது. சுற்றியுள்ள தோல் வெளுத்துச் சுருங்கினால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள்.

காயத்துக்குரிய மருந்துகள்

எந்த மருந்துக்கும் முந்தையது தண்ணீர். ஓடும் குழாய் நீரில் காயத்தை நன்றாகக் கழுவி, மண், கல், மரத்தூள் ஆகியவற்றை அகற்றினாலே கிருமிகளில் பெரும்பகுதி போய்விடும். இரத்தம் நிற்காவிட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதற்குப் பிறகுதான் டியூப்பின் வேலை.

பொவிடோன் ஐயோடின்: பழுப்பு நிற மருந்து. திரவம், ஆயின்மென்ட், ஜெல் ஆகிய வடிவங்களில் கிடைக்கிறது. பலவகைக் கிருமிகளைக் கொல்லும். அழுக்கான சிறு காயத்துக்குச் சில நாள்கள் போடலாம். தைராய்டு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பிறந்த குழந்தைகள் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. பெரிய புண்ணில் நாள்கணக்கில் ஊற்றினால் ஐயோடின் உடலுக்குள் இறங்கும்.

மஞ்சள் மருந்து: பல வீடுகளில் இன்றும் இருக்கும் அக்ரிஃபிளேவின். 1912இல் ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக் உருவாக்கியது. சிறு சிராய்ப்புக்குப் போதும். ஆனால் அதன் நிறம் காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பை மறைத்துவிடும். காயம் மோசமாகிறதா என்பதைக் காட்டும் முதல் அடையாளமே அந்தச் சிவப்புதான்.

ஹைட்ரஜன் பெராக்சைடு: நுரை பொங்குவதைப் பார்த்து 'நல்லா சுத்தம் பண்ணுது' என்று நினைப்பவர்கள் உண்டு. கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தசையையும் அது சிதைக்கும். தினமும் போடுவதற்கு உரியதல்ல.

ஃபியூசிடிக் அமிலம், மியூபிரோசின்: இவை ஆன்டிபயோட்டிக் மருந்துகள். சீழ் பிடித்த மேலோட்டமான புண்ணுக்கும் குழந்தைகளின் மஞ்சள் பொருக்குப் புண்ணுக்கும் மருத்துவர் தருவார். வழக்கமாக ஏழு முதல் பத்து நாள்கள்தான். போன ஆண்டு மிச்சம் வைத்த டியூப்பை இந்த ஆண்டு எடுத்து, இரண்டு நாள் போட்டு நிறுத்தினால், கிருமிக்கு மருந்தை எதிர்க்கப் பயிற்சி கொடுத்ததாகிவிடும்.

ஹைட்ரோஜெல்: பெயரில் ஜெல் இருந்தாலும் இது வேறு வகை. பெரும்பாலும் தண்ணீரே. உலர்ந்த புண்ணுக்கு ஈரம் கொடுக்கும். புண்ணின் மேல் ஒட்டியிருக்கும் செத்த தசையை இளக்கி, அது தானாகக் கழன்று வர உதவும். நீர் வடியும் புண்ணுக்கு இது பயன்படாது. சில ஹைட்ரோஜெல்களில் வெள்ளி அல்லது ஐயோடின் சேர்த்திருப்பார்கள். எந்தப் புண்ணுக்கு எது என்பதைப் புண்ணைப் பார்த்த தாதியோ மருத்துவரோதான் சொல்ல முடியும்.

மெட்ரோனிடசோல் ஜெல்: இதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். புற்றுநோய் முற்றித் தோலைப் பிளந்துகொண்டு வந்த புண்களில் துர்நாற்றம் வீசும். நோயாளியும் வீட்டாரும் அதனாலேயே ஒடுங்கிப் போவார்கள். அந்த நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளை இந்த ஜெல் அடக்கும். வீட்டில் அப்படி ஒருவரைப் பராமரிப்பவர்கள் மருத்துவரிடம் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

தீக்காயத்தில் பற்பசை வேண்டாம்

கொதிக்கும் எண்ணெயோ சுடுநீரோ பட்டால் பற்பசை, கிச்சாப், வெண்ணெய், மாவு என்று எதையாவது தடவும் பழக்கம் நம் சமையலறைகளில் இன்னும் போகவில்லை. இவை சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். மருத்துவமனையில் இவற்றைச் சுரண்டி எடுக்கும்போது வலியும் கூடும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஐஸ் கட்டியை நேராக வைக்கக் கூடாது. மோதிரம், வளையல் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பிறகு சுத்தமான பிளாஸ்டிக் உறைத்தாளால் தளர்வாக மூடலாம். முகம், கை, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்ட தீக்காயமும், பட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிய தீக்காயமும் மருத்துவமனைக்கு உரியவை.

வெள்ளை நிறத்தில் வரும் சில்வர் சல்ஃபாடையசின் கிரீம் பல ஆண்டுகளாகத் தீக்காயத்தின் மறுபெயராகவே இருந்தது. சிறிய தீக்காயங்களில் அது ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால் இப்போது அதை எல்லாருக்கும் கொடுப்பதில்லை. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைத் தொடவே கூடாது.

அரிப்பு ஒன்றே, நோய் பல

நம் தட்பவெப்பத்தில் தோல் நோய் இல்லாத வீடு அரிது. அரிப்பு பொதுவாக இருந்தாலும் நோய்கள் வேறு வேறு.

படை அல்லது படர்தாமரை ஒரு பூஞ்சை நோய். வட்டமாக, ஓரம் தடித்து, நடுப்பகுதி தெளிந்து காணப்படும். குளோட்ரிமசோல், மிக்கோனசோல், டெர்பினாஃபின் போன்ற மருந்துகள் கேட்கும். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் பூச வேண்டும். அரிப்பு நின்ற நாளிலேயே நிறுத்தினால் திரும்ப வரும். துண்டு, உள்ளாடை ஆகியவற்றைப் பகிரக் கூடாது.

கரப்பான் பூஞ்சையால் வருவதல்ல. தோல் வறண்டு, சிவந்து, முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் அரிக்கும். இதற்கு முதல் மருந்து ஈரப்பதம் தரும் கிரீம். சிவந்திருக்கும்போது மட்டும் மருத்துவர் சொல்லும் ஸ்டிராய்டு.

சிரங்கு ஒரு நுண்ணிய பூச்சியால் வருவது. இரவில் அரிப்பு மிகும், விரலிடுக்கில் தெரியும். 5 விழுக்காடு பெர்மெத்ரின் மருந்தைக் கழுத்திலிருந்து பாதம் வரை பூசி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். வீட்டிலுள்ள அனைவரும் அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே இரவில் போட வேண்டும். ஒருவரை விட்டால் எல்லாருக்கும் திரும்பும். கைக்குழந்தைக்கு மருத்துவர் சொல்லும் முறை வேறு.

முகப்பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன், கிளிண்டாமைசின் ஆகிய ஜெல்கள் பயன்படுகின்றன. முதலாவது தலையணை உறையையும் துண்டையும் வெளுக்க வைக்கும். இரண்டாவதைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். மூன்றாவது ஆன்டிபயோட்டிக் என்பதால் தனியாகப் போடுவதில்லை. எதுவாக இருந்தாலும் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

வெளிறிய தேமலில் தொட்டால் உணர்வு தெரியவில்லை என்றால் எந்த கிரீமும் போடாமல் உடனே அரசாங்க கிளினிக்குக்குப் போக வேண்டும். அது தொழுநோயின் அடையாளமாக இருக்கலாம். 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளர்களுக்கென்று தனிக் குடியிருப்பு அமைத்து, அவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த காலம் போய்விட்டது. இன்று மாத்திரையால் முழுமையாகக் குணமாகும் நோய் இது. தாமதித்தால் கை, கால் நரம்புகள் கெடும்.

மூன்று நாளில் குணமாக்கும் கிரீம்

தமிழ்நாட்டுக்குப் போய் வருபவர்கள் பெட்டியில் கொண்டு வரும் பொருள்களில் தோல் கிரீமும் ஒன்று. 'அங்கே கடையில சொன்னாங்க, மூணே நாள்ல போயிடும்' என்று அண்டை வீட்டுக்கும் ஒன்று கொடுப்பார்கள். உண்மையில் மூன்று நாளில் அரிப்பு போய்விடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இத்தகைய கிரீம்கள் பலவற்றில் பூஞ்சை மருந்து, ஆன்டிபயோட்டிக், அவற்றோடு குளோபெட்டாசோல் போன்ற கடுமையான ஸ்டிராய்டு என மூன்று நான்கு மருந்துகள் சேர்ந்திருக்கும். தோலில் பூசும் ஸ்டிராய்டுகளில் மிகவும் வலிமை கொண்ட வகையைச் சேர்ந்தது குளோபெட்டாசோல். ஸ்டிராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கும். பூஞ்சையை எதிர்க்கும் உடலின் ஆற்றலையும் சேர்த்து அடக்கும். படை உள்ளுக்குள் பரவிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாக, வட்ட வடிவம் கலைந்து, மருத்துவரே சட்டென்று அடையாளம் காண முடியாத உருவில் வெளிப்படும். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து நிரந்தர வரிகள் விழும். முகத்தில் போட்டால் சிவந்த நரம்புகளும் பருக்களும் தோன்றும்.

இந்தியாவில் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்த பிறகு, 2018இல் அந்நாட்டு அரசு பூசும் ஸ்டிராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அதற்குள் டெர்பினாஃபினுக்கு அடங்காத படைப் பூஞ்சை ஒன்று பரவத் தொடங்கியிருந்தது. 2020இல் அறிவியலாளர்கள் அதற்குச் சூட்டிய பெயர் டிரைக்கோஃபைட்டன் இன்டோட்டினே. ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று பல நாடுகளில் அது இப்போது காணப்படுகிறது. மாதக்கணக்கில் ஆறாத படை வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவினால், தோல் மருத்துவரிடம் சென்று தோலைச் சுரண்டிச் சோதிப்பதே வழி.

ஸ்டிராய்டு கெட்ட மருந்து அல்ல. சரியான நோய்க்கு, சரியான வலிமையில், சொன்ன நாள் மட்டும் போட்டால் அது பெரும் உதவி. பெயர் தெரியாமல் போடுவதுதான் ஆபத்து.

டியூப்பின் மேல் பார்க்க வேண்டியவை

மலேசியாவில் விற்கும் ஒவ்வொரு மருந்தும் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையில் பதிவாகியிருக்க வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் அந்த முகமை தரும் பதிவு எண் 'எம்.ஏ.எல்' என்ற எழுத்துகளில் தொடங்கும். அடுத்து எட்டு இலக்கங்கள், கடைசியில் ஓர் எழுத்து.

அந்தக் கடைசி எழுத்தில் செய்தி இருக்கிறது. 'ஏ' என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, மருத்துவரோ மருந்தாளரோதான் கொடுக்கலாம். 'எக்ஸ்' என்றால் பொதுவாக விற்கக்கூடியது. 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. காமாட் எனப்படும் கடல் அட்டையிலிருந்து தயாரித்து மருந்தாக விற்கும் எண்ணெயையும் ஜெல்லையும் வாங்கும்போது இந்த எழுத்தைத் தேட வேண்டும். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் அமைச்சின் ஒளிரும் பாதுகாப்பு வில்லையும் இருக்கும். ஐயம் இருந்தால் முகமையின் இணையத்தளத்தில் எண்ணைத் தட்டிப் பார்க்கலாம்.

அழகுப் பொருள்களுக்கு வேறு எண். அது 'என்.ஓ.டி' என்று தொடங்கும். அழகுப் பொருள் எந்த நோயையும் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. 'படை போகும், தேமல் போகும்' என்று அழகு கிரீமின் மேல் எழுதியிருந்தால் அதுவே எச்சரிக்கை. முகமை அவ்வப்போது ரத்து செய்து அறிவிக்கும் அழகுப் பொருள்களில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்படுபவை நான்கு: பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பெட்டாமெத்தசோன் வலரேட். கடைசியில் உள்ளது ஸ்டிராய்டு.

பதிவில்லாத மருந்தை விற்பது 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி குற்றம். தனிநபர் முதல் முறை பிடிபட்டால் 25,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வாட்ஸ்அப் குழுக்களில் கிரீம் விற்கும் இல்லத்தரசிகளுக்கும் இது பொருந்தும்.

எவ்வளவு பூசுவது என்பதற்கும் ஓர் எளிய அளவு உண்டு. பெரியவரின் சுட்டுவிரல் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும்.

இனிப்பு நீர் உள்ளவரின் கால்

இதுவரை சொன்னவற்றில் தவறினாலும் பெரும்பாலோருக்குத் தோல் மீண்டுவிடும். இனிப்பு நீர் உள்ளவருக்கு அந்தச் சலுகை இல்லை.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டிலுள்ள பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது பத்துப் பேரில் மூவர். தோட்டத்திலும் பட்டணத்திலும் நீரிழிவால் விரலையோ காலையோ இழந்த ஒருவரை அறியாத குடும்பம் குறைவு. அவற்றில் பல, முதலில் ஒரு சிறு கொப்புளமாகவோ செருப்புக் கடியாகவோதான் தொடங்கியிருக்கும்.

சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப் போகும். முள் குத்தியதும் தெரியாது, சூடு பட்டதும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். வலி இல்லாததால் 'சின்னக் காயம்தானே' என்று ஜெல் தடவிக்கொண்டே இருப்பார்கள். மேலே தோல் மூடியதுபோல் இருக்கும். உள்ளே சீழ் எலும்புவரை போயிருக்கும்.

நீரிழிவுப் பாதப் புண்ணுக்கென்றே உருவாக்கிய ஜெல்லும் உண்டு. தோல் வளர்ச்சியைத் தூண்டும் பெகாப்ளெர்மின் என்ற அந்த ஜெல்லுக்கு அமெரிக்கா 1997இல் ஒப்புதல் அளித்தது. அதைக்கூட, செத்த தசையை அகற்றி, பாதத்தின் மீது பாரம் விழாமல் தடுத்து, இரத்த ஓட்டம் போதுமானதா என்று பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். அவை இல்லாமல் தனியாகப் புண்ணை ஆற்றும் ஜெல் இதுவரை எதுவுமில்லை.

தைப்பூசத்தில் கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைவரை வெறுங்காலோடு நடப்பவர்களில் நீரிழிவு நோயாளிகளும் இருப்பார்கள். வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை பாதத்தைச் சுட்டாலும் மரத்த காலுக்குத் தெரியாது. நேர்த்திக்கடன் தவறக் கூடாது என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, எவ்வளவு நடக்கலாம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவித் துடைத்து, அடிப்பாகத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். பார்வை மங்கியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்ல வேண்டும். அலகு குத்திய இடத்தையும் சுத்தமான தண்ணீரில் கழுவி, சிவந்து வீங்குகிறதா என்று சில நாள் கவனிக்க வேண்டும்.

இனிப்பு நீர் உள்ளவர் பாதத்தில் தோல் பிளந்திருந்தால், வலி இருக்கிறதா இல்லையா என்று பாராமல் 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்த ஒரு பழக்கம் எந்த டியூப்பைவிடவும் பெரிய மருந்து.

தோட்டத்து வேலையும் தோலும்

செம்பனை முள் குத்தினால் துளை சிறியது, ஆழம் பெரியது. மேலே மருந்து பூசினால் உள்ளே எட்டாது. முள்ளின் நுனி உடைந்து தங்கியிருக்கலாம். மூட்டின் அருகே குத்தி வீக்கம் கண்டால் கிளினிக்குக்குப் போக வேண்டும். கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லாவிட்டால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமோ களைக்கொல்லியோ தோலில் கொட்டினால் முதலில் சட்டையைக் கழற்றி, நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். எண்ணெயோ கிரீமோ பூசினால் மருந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். மிகக் கொடிய களைக்கொல்லியான பாராகுவாட் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய கொட்டகைகளில் மிச்சம் இருந்தால் தொடவே கூடாது.

வீட்டு வைத்தியத்திலும் எச்சரிக்கை வேண்டும். சோற்றுக்கற்றாழையின் கூழ் வெயில் பட்டுச் சிவந்த தோலுக்கு இதமாக இருக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு குழைத்துத் திறந்த புண்ணில் வைத்தால் சுண்ணாம்பு தசையை அரிக்கும். மருத்துவமனைகளில் புண்ணுக்குப் போடும் தேன் கிருமி நீக்கப்பட்டது. சமையலறைத் தேன் அதற்கு ஈடல்ல.

எப்போது டியூப்பை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டும்?

காயத்தைச் சுற்றிச் சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், வீக்கமும் சூடும் கூடினால், சீழோ நாற்றமோ வந்தால், ஓரம் கறுத்தால், காய்ச்சலும் நடுக்கமும் கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு வாரமாகியும் சுருங்காத புண்ணுக்கு மருந்தை மாற்றுவதைவிடக் காரணத்தைத் தேடுவதே முறை.

நாட்டுக் குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு முறை மருத்துவரைப் பார்த்து மருந்து வாங்க 1 ரிங்கிட்தான். புண்ணைக் கழுவிக் கட்டும் அறையும் அங்கேயே இருக்கும். கடினமான புண்களை அங்கிருந்து கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். வேலை நாளில் நேரம் கிடைக்காதவர்கள், மருந்துக் கடையில் விற்பனையாளரிடம் கேட்காமல், பதிவு பெற்ற மருந்தாளரை அழைக்கச் சொல்லிப் புண்ணைக் காட்டலாம். கேள்விக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

டிரெஸ்ஸர் செய்த வேலை இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கிளினிக்கின் தாதியும் மருந்தாளரும் அதைச் செய்கிறார்கள். போகும்போது வீட்டு டப்பாவில் கிடக்கும் டியூப்புகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லலாம். எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று அவர்களே பிரித்துத் தருவார்கள்.